வாசகசாலைத் திண்ணை: ஈடனா, சேப்பாக்கமா?

மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நாட்களில் நம் கரக்பூர்ச் சங்கத்து வாசகசாலைக்கு ஒரு பழைய வழக்கு விசாரணைக்கு வரும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் வழக்கு. தீர்ப்பு இதுவரை வழங்கப்படவில்லை. வழங்கிவிட்டால் வாசகசாலைக்கு வருவோர் தொகை பாதியாகக் குறைந்துவிடும் என்று காரியதரிசி அஞ்சுகிறார் போலும். மணி ஒன்பது அடித்ததும் விளக்கை அணைத்து, விசாரணையை மறுநாளைக்கோ மறு ஆண்டுக்கோ தள்ளிவைத்துவிடுகிறார்.

வழக்கு இதுதான். 2001ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், ஆஸ்திரேலியக் கிரிக்கெட் கோஷ்டியை நம் நாட்டார் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றார்கள். அந்தத் தொடரை வென்று தந்தது கல்கத்தாவா, சென்னையா? (அவ்வாண்டு ஜனவரி முதலே கல்கத்தா கொல்கத்தாவாகிவிட்டது. ஆனால் வழக்கு பழைய பெயரிலேயே பதிவாகியிருக்கிறது.)

வெளியார் செவியில் இது விழுந்தால் நகைப்பார். இரண்டு ஆட்டங்களையும் வென்றதனால் அன்றோ தொடர் கிடைத்தது, இதில் வழக்காட என்ன இருக்கிறது என்பார். கணக்குப்படி அவர் சொல்வது சரியே. ஆயினும் நம் போன்ற குடும்பங்களுக்கு இது வெறும் கணக்கு அன்று. பெங்கால் நாக்பூர் ரயில்வே என்று பெயர் இருந்த காலத்தில் உத்தியோகம் தேடி வந்த பாட்டனாரின் பேரப்பிள்ளைகள் நாம். விடுமுறைக்குச் சென்னை போனால் ‘கல்கத்தாக்காரர் வந்திருக்கிறார்’ என்று பலகாரம் வைப்பார்கள். இங்கே மூன்று தலைமுறை ஆன பின்னும் ‘மதராஸி’ என்றே அடையாளம் சொல்வார்கள். இரண்டு ஊரிலும் வெளியூர்க்காரராக இருப்பவருக்கு, எந்த ஊர் மைதானத்தின் பக்கம் நின்று பேசுவது என்பது அற்ப விஷயம் அன்று.

அந்நாளில் பிறவாத இளைஞர்களுக்காகப் பூர்வ கதையைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். ஸ்டீவ் வா தலைமையில் வந்த ஆஸ்திரேலியர் அப்போது தொடர்ந்து 15 டெஸ்டுகளில் வென்றிருந்தார்கள். மும்பையில் நடந்த முதல் ஆட்டத்தை மூன்றே நாளில் பத்து விக்கெட்டு வித்தியாசத்தில் வென்று அதைப் 16 ஆக்கிக்கொண்டார்கள். அந்த ஆட்டத்தில் ஒரு சமயம் அவர்கள் 99 ரன்னுக்கு ஐந்து விக்கெட்டு இழந்து தவித்தார்கள். அங்கிருந்து ஹெய்டனும் கில்கிறிஸ்டும் சேர்ந்து 197 ரன்கள் குவித்தார்கள். 1969-70க்குப் பிறகு இந்நாட்டில் தொடர் ஒன்றை வெல்லவில்லை என்ற குறை அவர்களுக்கு நெடுநாளாக உண்டு. இந்தியாதான் தாம் கடக்க வேண்டிய கடைசி எல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தவர் ஸ்டீவ் வா. நம் பக்கத்திலோ, தோளில் காயம்பட்ட கும்ப்ளே ஆடவே இல்லை. ஸ்ரீநாத்தும் மும்பையில் விரலில் அடிபட்டு விலகினார். எஞ்சியிருந்தவர் இருபது வயது ஹர்பஜன் சிங்.

இனி வழக்கின் கட்சிக்காரர்கள். கல்கத்தாவுக்காக வாதாடுபவர் ஓய்வு பெற்ற வங்காள கார்டு ஒருவர். நம் தகப்பனாரின் நண்பர். சங்கத்தில் அங்கத்தினர் அல்லர் எனினும், அங்கத்தினர் பலரைக் காட்டிலும் அதிகமாக வாசகசாலை நாற்காலியைத் தேய்த்தவர். காலனித் தமிழ் நன்றாகப் பேசுவார். தகப்பனாருக்கு அவர் ‘தாதா’. நமக்குச் சிறு வயது முதல் ‘காகு’. சென்னைக்காக வாதாடியவர் நம் தகப்பனார், கூட்ஸ் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். 2008இல் உத்தியோகத்தில் இருக்கும்போதே அவர் காலமானார். மெட்ரிகுலேஷன் தேறியிருந்த நமக்குக் கருணை அடிப்படையில் ரயில்வேயில் வேலை கிடைத்தது. வேலையோடு வழக்கும் வந்து சேர்ந்தது. பதினேழு ஆண்டுகளுக்கு மேலாகச் சேப்பாக்கத்தின் பக்கம் நாமே நின்று வருகிறோம்.

ஈடன் தோட்டத்து ஆட்டம் மார்ச்சு 11ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை தொடங்கிற்று. ஐந்து நாளைக்குமான ஒரே டிக்கெட்டைத் தகப்பனாரும் காகுவும் பாதிப் பாதி பணம் போட்டு வாங்கினார்கள். ஒற்றைப்படை நாட்கள் தகப்பனாருக்கு, இரட்டைப்படை நாட்கள் காகுவுக்கு. தகப்பனாருக்கு ஒரு நாள் அதிகம் என்பதால், காகு போய்வரும் இரண்டு நாளும் சிற்றுண்டிச் செலவு அவருடையது என்று ஒப்பந்தம்.

முதல் நாள் தகப்பனாருக்கு நல்ல யோகம். பான்டிங், கில்கிறிஸ்ட், வார்ன் மூவரையும் அடுத்தடுத்த பந்துகளில் ஹர்பஜன் வீழ்த்தினார். டெஸ்ட் ஆட்டத்தில் இந்தியர் ஒருவர் எடுத்த முதல் ‘ஹாட்ரிக்’ அது. இரண்டாம் நாள் போன காகுவுக்குக் கிடைத்ததோ வயிற்றெரிச்சல். ஆஸ்திரேலியர் 445இல் நின்றார்கள். நம்மவர் மாலைக்குள் எட்டு விக்கெட்டை இழந்தார்கள். மூன்றாம் நாள் 171க்கு ஆட்டம் முடிந்து, 274 ரன் பின்தங்கி, ‘ஃபாலோ-ஆன்’ என்று மறுபடியும் மட்டையைப் பிடிக்க வேண்டியதாயிற்று. அன்று மாலை நான்கு விக்கெட்டுக்கு 254. லக்ஷ்மண் நூறு கடந்து நின்றுகொண்டிருந்தார். தகப்பனார் அந்த நூறைக் கண்ணாரக் கண்டவர். கண்டும் நம்பவில்லை. டெண்டுல்கர் போய்விட்டார், கங்குலியும் மாலையில் போய்விட்டார், லக்ஷ்மண் ஒருவர் எவ்வளவு நேரம் தாங்குவார் என்று எண்ணியபடியே ஹௌராவில் வண்டியேறினார். இரவு கரக்பூரில் இறங்கியதும் நேரே காகுவின் குவார்ட்டர்ஸுக்குப் போய் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, “தாதா, நாளைக்கே எல்லாம் தீர்ந்துவிடும். ஐந்தாம் நாள் என்று ஒன்று இருந்தால் அதையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு வந்தார்.

நான்காம் நாள் நடந்ததை நாடறியும். காலை முதல் மாலை வரை ஒரு விக்கெட்டும் விழவில்லை. லக்ஷ்மணும் டிராவிடும் நாள் முழுதும் நின்று 335 ரன்கள் சேர்த்தார்கள். வார்னும் மெக்ராத்தும் கில்லெஸ்பியும் மாறி மாறி வீசி ஓய்ந்தார்கள். மாலை ஸ்கோர் நான்கு விக்கெட்டுக்கே 589. காகு அன்று திரும்பி வந்து ஒன்றும் பேசாமல் டிக்கெட்டை எடுத்துத் தகப்பனாரிடம் நீட்டினாராம். மறுநாள் ஒற்றைப்படை நாள் அன்றோ? தகப்பனார் வாங்க மறுத்துவிட்டார். கொடுத்ததைத் திரும்ப வாங்குகிற வழக்கம் நம் வீட்டில் இல்லை என்றாராம். அம்மா இன்றைக்கும் அதை நினைத்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

ஆகவே மார்ச்சு 15ஆம் தேதி காகு ஈடன் தோட்டத்தில் இருந்தார். தகப்பனார் கூட்ஸ் ஆபீஸில் ரசீதுகளோடு இருந்தார். லக்ஷ்மண் 281இலும் டிராவிட் 180இலும் வெளியேற, ஏழு விக்கெட்டுக்கு 657 என்று கங்குலி ஆட்டத்தை முடித்துக்கொண்டார். 384 ரன் இலக்கு. தேநீர் இடைவேளையில் ஆஸ்திரேலியர் மூன்று விக்கெட்டுக்கு 161. ஆட்டம் சமனில் முடியும் என்றே எல்லோரும் எண்ணியிருப்பார்கள். அதன்பின் 166க்கும் 174க்கும் இடையில் எட்டே ரன்னில் ஐந்து விக்கெட்டுகள் சரிந்தன. ஹர்பஜன் ஆறு பேரைச் சாய்த்தார். டெண்டுல்கர் தம் சுழற்பந்தால் மூவரை எடுத்தார். 212க்கு எல்லோரும் அவுட். 171 ரன் வித்தியாசத்தில் வெற்றி. ‘ஃபாலோ-ஆன்’ ஆடிய கட்சி ஜெயித்தது அதற்கு முன் டெஸ்ட் சரித்திரத்தில் இரண்டே முறை: 1894இல் சிட்னியிலும் 1981இல் ஹெடிங்லியிலும். இரண்டு தடவையும் ஜெயித்தவர் இங்கிலாந்தார், தோற்றவர் ஆஸ்திரேலியர்.

காகுவின் வாதம் இங்கேயே முடிந்துவிடும். “இதற்கு மேல் என்ன வேண்டும்? ஈடனில் தோற்றிருந்தால் தொடர் அங்கேயே முடிந்திருக்கும். சேப்பாக்கத்தில் ஆடுவதற்கு என்ன மிச்சம் இருந்திருக்கும்?” என்பார். அவ்வளவுதான். பிறகு அவர் சாய்ந்து உட்கார்ந்து பொடி டப்பாவைத் திறப்பார்.

தகப்பனார் சும்மா இருப்பவரா? மார்ச்சு 16ஆம் தேதியே பாஸ் எழுதி வாங்கி, விடுப்பும் வாங்கி, கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டார். பெரம்பூரில் பாட்டி இருந்தாள், சிற்றப்பா இருந்தார். தாயாரைப் பார்த்து இரண்டாண்டு ஆயிற்று என்பது விடுப்பு மனுவில் எழுதிய காரணம். பொய்யும் அன்று. நமக்கு அப்போது வயது பதின்மூன்று. பரீட்சைக் காலமாதலால் உடன் அழைத்துப்போகவில்லை. அந்தக் குறை நமக்கு இன்னும் தீரவில்லை.

மார்ச்சு 18 முதல் 22 வரை நடந்த சேப்பாக்கம் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் ஐந்து நாளும் ஊசி முனையில் நின்ற ஆட்டம் அதுவே. ஆஸ்திரேலியர் மூன்று விக்கெட்டுக்கு 340 என்று மலைபோல் எழுந்தார்கள். அப்போது ஸ்டீவ் வா, காலில் பட்டு விக்கெட்டை நோக்கி உருண்ட பந்தைக் கையால் தள்ளிவிட்டார். பந்தைக் கையாண்ட குற்றத்துக்காக 47இல் அவரை வெளியே அனுப்பினார்கள். அங்கிருந்து 51 ரன்னுக்குள் மீதி எல்லோரும் சுருண்டார்கள். ஹெய்டன் மட்டும் 203 அடித்தார். மொத்தம் 391. நம்மவர் 501, அதில் டெண்டுல்கர் 126. சென்னைப் பையன் சடகோபன் ரமேஷ் தொடக்க ஆட்டக்காரராக வந்து 61 அடித்ததைத் தகப்பனார் சொல்லும்போது, ஏதோ தாமே அடித்தது போல இருக்கும். இரண்டாம் இன்னிங்ஸில் ஆஸ்திரேலியர் 264. ஹர்பஜனுக்கு அந்த ஒரே ஆட்டத்தில் 15 விக்கெட்டு.

இலக்கு 155. எளிது என்றே தோன்றும். இரண்டு விக்கெட்டுக்கு 101 என்றிருந்தபோது வீட்டிலே பாயசத்துக்கு அடுப்பு மூட்டியவர்கள் உண்டு. அடுத்த 34 ரன்னுக்குள் ஐந்து பேர் போய்விட்டார்கள். லக்ஷ்மண் 66இல் அடித்த வலுவான பந்தை மார்க் வா மிட்-விக்கெட்டில் பாய்ந்து பிடித்ததை, பிடித்த கையை வெட்டினாலும் தகும் என்று காகுவே சொல்வார். ஏழு விக்கெட்டுக்கு 135. பிறகு எட்டு விக்கெட்டுக்கு 151. நான்கு ரன் வேண்டும், இரண்டு விக்கெட்டு மிச்சம். எதிரே மெக்ராத். மட்டையோடு நிற்பவர்கள் சமீர் திகேயும் ஹர்பஜனும்.

இந்தத் திகேயைப் பற்றி ஒரு வார்த்தை. மும்பைக்காரர், அப்போது வயது 32. அதுவே அவருக்கு முதல் டெஸ்ட். வாழ்நாளில் ஆடியவை மொத்தம் ஆறே டெஸ்டுகள். விக்கெட் கீப்பர் இடத்துக்கு அந்தக் காலத்தில் நிலையான ஆள் இல்லாமல் ஒருவர் மாற்றி ஒருவரைப் போட்டுக்கொண்டிருந்தார்கள், அப்படி வந்தவர். ரயில்வேயில் இருப்பவர்களுக்கு இது உடனே விளங்கும். ‘லீவ் ரிசர்வ்’ குமாஸ்தா என்று ஒருவர் இருப்பார். யாராவது விடுப்பில் போனால் அந்த நாற்காலிக்கு வருவார். மேஜையில் சாவி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பழைய கோப்பின் தலைவலி அவர் தலையில் விழும். விடுப்பில் போனவர் திரும்பியதும் வேறு நிலையத்துக்குப் போய்விடுவார். அவர் பெயர் யாருக்கும் நினைவிராது. நாமும் மூன்றாண்டு அந்தப் பதவியில் இருந்தவர்தாம். திகே அன்று ஆட்டம் இழக்காமல் 22 ரன் எடுத்தார். டெண்டுல்கரும் கங்குலியும் டிராவிடும் போன பிறகு, அந்த 22 இல்லாவிட்டால் தொடர் இல்லை. லக்ஷ்மணின் 281க்கு நூறு கட்டுரைகள் எழுதிவிட்டார்கள். இந்த 22க்கு ஒரு பத்தியாவது நம் பத்திரிகையில் வரட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

விக்கெட் கீப்பர் என்றதும் இன்னொன்று. அதே 2001ஆம் ஆண்டில்தான் ராஞ்சி இளைஞர் ஒருவர் நம் கரக்பூருக்கு டிக்கெட் பரிசோதகராக வந்து சேர்ந்தார். 2003 வரை இங்கே இருந்தார். மகேந்திர சிங் தோனி என்று பெயர் சொன்னால் இப்போது விளக்கம் தேவையில்லை. அவருடைய முதல் டெஸ்டும் 2005 டிசம்பரில் சேப்பாக்கத்தில்தான் நடந்தது. ஆஸ்திரேலியருக்கு எதிராக 2013இல் 224 அடித்ததும் அங்கேதான். கரக்பூரில் உத்தியோகம் பார்த்தவரைச் சென்னை தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டது. நம்மில் பலர் அதற்கு நேர்மாறான திசையில் பிரயாணம் செய்தவர்கள்.

வழக்குக்கு வருவோம். நம் கட்சியின் வாதம் இரண்டு. முதலாவது, அந்தச் சமயம் பார்டர்-கவாஸ்கர் கோப்பை ஆஸ்திரேலியரின் கையில் இருந்தது. 1999-2000இல் மூன்றுக்குப் பூஜ்யம் என்று நம்மை அடித்து வாங்கிக்கொண்டு போனது. தொடர் ஒன்றுக்கு ஒன்று என்று சமனில் முடிந்தால் கோப்பை அவர்களிடமே தங்கியிருக்கும். சேப்பாக்கத்தில் ஜெயிக்காவிட்டால் ஈடன் ஒரு நல்ல கனவாகவே நின்றிருக்கும். இரண்டாவது, நாம் சொந்தமாகக் கண்டுபிடித்தது. ஈடனின் ஐந்தாம் நாள் காலையில் இந்தியா தோற்பதற்கு வழியே இல்லை. வெற்றி, அல்லது சமன். சேப்பாக்கத்தின் ஐந்தாம் நாளிலோ தோல்வி பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது. எந்த நாளில் ஆடுவது கடினம்? இதற்குக் காகு இதுவரை நேரான பதில் சொன்னதில்லை. “நான்காம் நாளைப் பார்த்தவன் ஐந்தாம் நாளைப் பற்றிப் பேசமாட்டான்” என்று ஏதோ சொல்வார்.

வாதம் சூடேறினால் தகப்பனார் 1999ஐ இழுப்பது வழக்கம். அவ்வாண்டு ஜனவரியில் பாகிஸ்தான் கோஷ்டி சேப்பாக்கத்தில் 12 ரன்னில் வென்றபோது, அரங்கம் முழுதும் எழுந்து நின்று வென்றவர்களுக்குக் கைதட்டியது. அடுத்த மாதமே ஈடன் தோட்டத்தில் அதே பாகிஸ்தானோடு நடந்த ஆட்டத்தில் டெண்டுல்கர் ரன் அவுட் ஆனதும் கலவரம் மூண்டு, கடைசியில் ஜனங்களை வெளியேற்றிவிட்டு வெறும் படிக்கட்டுகளுக்கு முன்னால் ஆட்டத்தை முடித்தார்கள். இதைச் சொன்னால் காகுவின் முகம் சுருங்கிப்போகும். ஒரு தடவை மட்டும், “அந்த வெட்கத்தைக் கழுவத்தான் 2001 வந்தது” என்றார். அதன் பிறகு நாம் அந்த ஆண்டை எடுப்பதில்லை. சில வாதங்களில் ஜெயிப்பது நன்றாக இராது.

இவ்வாண்டு விசாரணைக்குக் கூட்டம் அதிகம். வொர்க்‌ஷாப்பில் அப்ரண்டிஸாக இருக்கும் இளைஞர் ஒருவர் எழுந்து, இதெல்லாம் பழங்கதை, 2020-21இல் ஆஸ்திரேலியாவில் நடந்ததே உண்மையான தொடர் என்றார். அடிலெய்டில் 36 ரன்னில் சுருண்டவர்கள், சிட்னியில் விஹாரியும் அஸ்வினும் நின்று காத்து, பிரிஸ்பேனில் 328 ரன்னைத் துரத்திப் பிடித்தார்களே. சேலத்து நடராஜனும் சென்னை வாஷிங்டன் சுந்தரும் முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று விக்கெட்டு எடுத்தார்களே என்று மூச்சு விடாமல் அடுக்கினார். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அதற்குத் தனியே ஒரு வழக்குப் போட்டுக்கொள்ளும்படி காரியதரிசி சொல்லி உட்காரவைத்தார்.

அடுத்துப் பேசியவர் மகளிர் பிரிவைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர். அவர் கிரிக்கெட் பேசி நாம் கேட்டதில்லை. “கல்கத்தா ஜெயித்தது, சென்னை ஜெயித்தது என்கிறீர்கள். லக்ஷ்மண் எந்த ஊர்?” என்றார். ஹைதராபாத் என்றோம். “டிராவிட்?” பெங்களூர். “ஹர்பஜன்?” ஜலந்தர். “நீங்கள் சொன்ன அந்தத் திகே?” மும்பை. “அப்படியானால் இரண்டு ஊரிலும் வேலை செய்தவர்கள் வெளியூர்க்காரர்கள். பெயர் மட்டும் ஊர்க்காரர்களுக்கா?” என்று கேட்டுவிட்டு, ஸ்வெட்டர் பின்னும் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டார். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. காகுதான் சமாளித்து, “காப்டன் எங்கள் ஊர், அம்மா. அதை விட்டுவிட்டீர்களே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்த அம்மையார் கேட்ட கேள்வி வீடு வரை நம்மோடு வந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் நடந்ததையும் எழுத வேண்டும். எழுதலாமா என்று காகுவிடம் கேட்டுக்கொண்டே எழுதுகிறோம்.

சேப்பாக்கத்தின் கடைசி நிமிஷத்தைத் தகப்பனார் வாசகசாலையில் நடித்தே காட்டுவார். ஹர்பஜன் ஒரு காலை முன்னால் எடுத்துவைத்து, மெக்ராத்தின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கி அடித்ததாகவும், தம்மைச் சுற்றி இருந்தவர்கள் செருப்பை விட்டுவிட்டு ஓடியதாகவும் சொல்வார். நாம் பிற்பாடு அந்த ஆட்டத்தின் படத்தைப் பார்த்தபோது, ஹர்பஜன் அதைப் பாயின்ட் பக்கமாகத் தட்டிவிட்டு இரண்டு ரன் ஓடியிருந்தார். நேராகவும் அன்று, தூக்கியும் அன்று. மகிழ்ச்சி மிகுதியில் கண் தவறியிருக்கும் என்று எண்ணி அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

அன்றிரவு நடந்து வரும்போது, “காகு, அப்பா மட்டும் ஏன் அந்த அடியை அப்படிச் சொன்னார்?” என்று தற்செயலாகக் கேட்டோம். காகு சற்று தூரம் பேசாமல் நடந்தார்.

“பாபு, உன் அப்பா அன்றைக்கு சேப்பாக்கத்தில் இல்லை” என்றார்.

நான்கு நாள் போயிருந்தது உண்மை. நான்காம் நாள் இரவு பாட்டி, “ஐந்து நாளும் பந்தாட்டந்தானா? நாளை விட்டால் நீ வண்டியேறிவிடுவாய். திருத்தணிக்கு ஒரு பிரார்த்தனை இருக்கிறது, என்னை யார் அழைத்துப் போவார்?” என்று கேட்டாளாம். டிக்கெட்டைச் சிற்றப்பாவிடம் கொடுத்துவிட்டுத் தகப்பனார் தாயாரோடு திருத்தணிக்குப் போனார். மாலையில் மின்சார ரயிலில் திரும்பி வரும்போது, திருவள்ளூருக்கு இப்பால், சகப் பிரயாணி ஒருவரின் டிரான்சிஸ்டரில் வர்ணனை கேட்டது. கொரகொரவென்ற சத்தத்துக்கு நடுவே மெக்ராத் என்றும் ஹர்பஜன் என்றும் கேட்டதாம். பிறகு கூச்சல் மட்டும். பந்து எந்தப் பக்கம் போயிற்று என்று வர்ணனையாளர் சொன்னது காதில் விழவில்லை. பெட்டி முழுதும் எழுந்து நின்று கத்தியதாம். பாட்டி பயந்துபோய்த் தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டாளாம். அடுத்த தைக்குள் பாட்டி காலமானாள். அந்தப் பிரயாணமே அவர்கள் சேர்ந்து போன கடைசிப் பிரயாணம்.

“இங்கே வந்ததும் எல்லோரும் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். ஈடனில் ஐந்தாம் நாளைக் கோட்டை விட்டவன், சேப்பாக்கத்திலும் கோட்டை விட்டேன் என்று எப்படிச் சொல்வான்? சொல்லிவிட்டான். நான் டெலிவிஷனில் பார்த்திருந்தேன். தலைக்கு மேலே தூக்கி அடித்தார் என்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் டீக்கடையில் கேட்டேன். ஒப்புக்கொண்டான்” என்றார் காகு.

“ஏழு வருஷமும் நீங்கள் அதைச் சொல்லி அவரை மடக்கியிருக்கலாமே?”

“மடக்கினால் பிறகு யாரோடு பேசுவது?” என்றார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. காகு பொடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, இன்றைக்கு டிராவிடின் 180ஐப் பற்றி யாரும் பேசவே இல்லை என்றும், காய்ச்சலில் தளர்ந்தவர் போல் ஆடத் தொடங்கியவர் எப்படி அந்த வெயிலில் நின்றார் என்பதை நாளைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். நாம் திகேயைத்தான் முதலில் எடுப்போம் என்றோம். கேட் திறந்தது.